மண்வெட்டி ராணியும் மன்றத்து ஏழும்: தமிழ் சப்டைட்டில் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாட்டுப் படங்களைத் தமிழ் சப்டைட்டிலோடு வெளியிடும் ஓடிடி தளங்களின் மொழிப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

போன மாதம் உங்களில் ஒரு தளத்துக்கு மூன்று முறை புகார் அனுப்பினேன். மூன்று முறையும் ஒரே பதில்: "உங்கள் கருத்துக்கு நன்றி. இந்தப் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது." மூன்றாவது பதில் வந்த அன்று ராத்திரி படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே மேஜை, அதே ஆள். கையில் இருந்த சீட்டைக் கவிழ்த்துத் தள்ளுகிறான். கீழே அதே வரி: "நான் மடிக்கிறேன்." எதை மடிக்கிறான்? வேட்டியையா? 'ஃபோல்ட்', அதாவது ஆட்டத்தை விட்டு விலகுகிறேன் என்பதுதான் இப்படி வந்திருக்கிறது. தனியாக எழுதிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்த பிறகுதான் பொதுவில் எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு 76 வயது. காது மந்தம். மெஷின் வாங்கிக் கொடுத்தும் "ஒரே இரைச்சல்" என்று கழற்றி வைத்துவிடுவார். அதனால் அவருக்கு எல்லாப் படமும் படிக்கிற படம்தான். ஆங்கிலம் வாசிப்பார், ஆனால் ஓடுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. வெளிநாட்டுப் படங்களுக்கு நீங்கள் தமிழில் சப்டைட்டில் போட ஆரம்பித்தபோது வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான். அதிலும் சீட்டாட்டம் வருகிற படம் என்றால் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போடுவார்.

காரணம் உண்டு. தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நாற்பது வருஷத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் படிப்புரையில், அதாவது வீட்டு முன் திண்ணையில், இருபத்தெட்டு நடக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஜோடி. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கு 1, பத்துக்கு 1. ராஜா ராணிக்கு ஒன்றுமே கிடையாது. நாலு இனத்துக்கும் சேர்த்துக் கூட்டினால் 28. முதல் நாலு சீட்டு கைக்கு வந்ததும் எத்தனை பிடிப்பேன் என்று கேட்க வேண்டும், பதினாலில் ஆரம்பித்து மேலே ஏறும். அதிகம் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். காசு கிடையாது. தோற்ற ஜோடி தென்னங்குரும்பையை ஈர்க்கிலில் கோர்த்துக் குணுக்காகக் காதில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இரண்டு காதிலும் குரும்பையோடு தெருவில் போகிறவர்களுக்கு வணக்கம் சொல்லி நான் பார்த்திருக்கிறேன்.

இந்த மனுஷனை உட்கார வைத்துக்கொண்டு உங்கள் படத்தைப் போட்டேன். பழைய அமெரிக்கப் படம், நல்ல படம், பெயர் வேண்டாம்.

முதல் பத்து நிமிஷத்திலேயே ஒருவன் பணத்தை மேஜையில் தள்ளி "நான் அழைக்கிறேன்" என்றான். அப்பா என் பக்கம் திரும்பினார். "எவனக் கூப்பிடுகான் மக்கா? எல்லாரும் அங்கதான இருக்கானுவ?" அடுத்தவன் "நான் எழுப்புகிறேன்" என்றான். அதற்கு அடுத்தவன் "என்னிடம் ஒரு கழுவல் இருக்கிறது" என்றான். அப்புறம் "வீடு நிறைந்திருக்கிறது." கல்யாண வீடா என்றார் அப்பா. ஆங்கிலத்தில் இவை 'கால்', 'ரெய்ஸ்', 'ஃப்ளஷ்', 'ஃபுல் ஹவுஸ்': சமமாகக் கட்டுவது, ஏற்றிக் கட்டுவது, ஐந்தும் ஒரே இனம், ஒரே எண்ணில் மூணும் இன்னொரு எண்ணில் ரெண்டும். சீட்டுக்கட்டைக் குறிக்க வேண்டிய இடத்தில் "கப்பல் தளம்" வந்தது. ஆற்றில் போகிற படகில் நடக்கும் காட்சி என்பதால் அதைக்கூட அவர் நம்பிவிட்டார். இஸ்பேட் ராணி மண்வெட்டி ராணியாக வந்தாள், கிளாவர் ஏழு மன்றத்து ஏழாக வந்தது. கடைசியில், படத்தின் உச்சத்தில், ஒரே ஒரு சீட்டு திரும்ப வேண்டிய நேரத்தில் அவன் "வைரங்களின் ஜாக்" என்றான். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த ஜாக்கு எப்ப வந்தான்? வைரம் கடத்துறவனா?"

டைமன் ஜாக்கி. இரண்டே சொல். எங்கள் தெருவில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த இரண்டு சொல். அதைச் சொல்லியிருந்தால், இருபத்தெட்டு ஆட்டத்தில் ஜாக்கியையே தலைச்சீட்டாகப் பார்த்துப் பழகிய என் அப்பா அந்த இடத்தில் எழுந்து நின்றிருப்பார்.

ஒரு சின்னச் சொல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நீங்கள் கேட்கலாம். சண்டைக் காட்சியில் சப்டைட்டில் தப்பாக வந்தால் ஒன்றும் குடிமுழுகாது, குத்து குத்துதான். சீட்டாட்டக் காட்சியில் திரையில் நடப்பது என்ன? நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். யாரிடம் என்ன இருக்கிறது, எது எதை வெல்லும், யார் எதை மறைக்கிறான் என்பதுதான் காட்சி. அது முழுக்கச் சொல்லில் இருக்கிறது.

'தி ஸ்டிங்' படத்தின் ரயில் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973இல் வந்த படம், கதை நடப்பது 1936இல். சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கர். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, அதனால் கதையைச் சொன்னால் தப்பில்லை. பால் நியூமன் கோண்டார்ஃப் என்கிற ஏமாற்றுக்காரர், ராபர்ட் ஷா லோனகன் என்கிற தாதா. ரயில் பெட்டியில் நடக்கிற போக்கர் ஆட்டத்துக்கு கோண்டார்ஃப் வேண்டுமென்றே தாமதமாக, குடித்தவர் போல வருகிறார். கையில் இருப்பது ஜின் பாட்டில். உள்ளே தண்ணீர் கலந்திருந்தாலும் எதிராளிக்குத் தெரியாது என்பதற்காகத்தான் ஜின். உட்கார்ந்ததிலிருந்து லோனகனின் பெயரைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். தாதா பல்லைக் கடித்துக்கொண்டு திருத்துகிறான், இவர் அடுத்த நிமிஷம் வேறு மாதிரித் தப்பாகச் சொல்கிறார். அந்த எரிச்சலில்தான் லோனகன் நிதானம் இழக்கிறான். அதுதான் தூண்டில். உங்களில் யாராவது அந்தப் பெயரை ஒவ்வொரு முறையும் "லோனகன்" என்று சரியாக, ஒழுங்காக, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிவிட்டால் காட்சி முடிந்தது. சரியாக எழுதுவதே தப்பாகிற இடம் அது. படத்தைப் பார்த்தபடி எழுதுகிறவருக்கு இது புரியும். வசனத்தை மட்டும் கோப்பில் பார்க்கிறவருக்குப் புரிய வழியில்லை.

அப்புறம் கடைசிக் கை. லோனகன் தன் ஆளை வைத்துக் கட்டை முன்கூட்டியே அடுக்கி வைத்திருக்கிறான். எதிராளிக்கு நாலு மூணு, தனக்கு நாலு ஒன்பது. பந்தயம் ஏறுகிறது. லோனகன் நாலு ஒன்பதை விரிக்கிறான். கோண்டார்ஃப் நிதானமாக விரிக்கிறார்: நாலு ஜாக்கி. தன்னிடமிருந்த மூணுகளை மாற்றிவிட்டார். லோனகனால் ஒன்றும் சொல்ல முடியாது. தன்னைவிட நன்றாக ஏமாற்றிவிட்டான் என்று மற்றவர்கள் முன்னால் எப்படிப் புகார் சொல்வது?

நாலு மூணு, நாலு ஒன்பது, நாலு ஜாக்கி. இதைத் தமிழில் எழுத எந்த அகராதியும் வேண்டாம். சொல்லப்போனால் நம் ஆட்களுக்கு இது இன்னும் ஒரு படி கூடவே ருசிக்கும். ஈழத்தில் இருபத்தெட்டுக்கு அண்ணன் முறையான 304 ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. அங்கேயும் இங்கேயும் முதல் சீட்டு ஜாக்கி, இரண்டாவது ஒன்பது. ஒன்பதுக்காரன் மிதப்பில் இருக்க ஜாக்கிக்காரன் விரிப்பது நம் திண்ணைகளில் தினமும் நடக்கிற கதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் சீட்டைக் கலைத்து வித்தை காட்டுகிற கைகளை நெருக்கத்தில் காட்டுவார்களே, அவை நியூமனுடையவை இல்லை. ஜான் ஸ்கார்ன் என்கிற சீட்டு நிபுணருடையவை. படத்தின் தொழில்நுட்ப ஆலோசகரும் அவர்தான். சில நொடி மட்டும் தெரியப்போகும் விரல்களுக்காக, சீட்டு தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். இரண்டு மணி நேரம் திரையில் நிற்கப்போகும் தமிழுக்காக நீங்கள் யாரையும் தேடவில்லை.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். ஆட்டத்தின்போது அப்பாவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவர் கையைப் பார்ப்பேன். பேசக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. ஒரு நாள் அவருக்கு முதல் நாலு சீட்டிலேயே இரண்டு ஜாக்கி வந்தது. நான் பேசவில்லை. ஆனால் எதிர் ஜோடியில் இருந்த மாமா என் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்ததைப் பார்த்தார், "பாஸ்" என்று சொல்லிவிட்டார். இன்னும் ஏற்றிக் கேட்டு மாட்டிக்கொள்வார் என்று காத்திருந்த அப்பாவுக்குப் பதினாலோடு ஆட்டம் நின்றது. எல்லாரும் போன பிறகு அப்பா சொன்னார்: "எட்டு சீட்டத்தான் நான் மறைக்க முடியும் மக்கா. ஒனக்க மொகத்தையும் சேத்து எப்படி மறைப்பேன்?" அதற்குப் பிறகு பல வருஷம் நான் அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே போகவில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு 'டெல்' என்பார்கள். விரல் மோதிரத்தைத் திருகுவது, இமை துடிப்பது, குரல் ஒரு நூல் ஏறுவது என்று உள்ளே இருப்பதை உடம்பே காட்டிக்கொடுப்பது. டேவிட் மாமெட் இயக்கிய முதல் படம், 1987இல் வந்த 'ஹவுஸ் ஆஃப் கேம்ஸ்', இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரு மனநல மருத்துவர், பெண், சீட்டாட்ட அறைக்குள் வருகிறார். எதிராளி பொய் சொல்லும்போது மோதிரத்தைத் தொடுவான், கவனித்துச் சொல் என்கிறான் ஒருவன். அவரும் கண்டுபிடித்துச் சொல்கிறார், தன் காசோலையையே பணயம் வைக்கத் துணிகிறார். தோற்கிறார்கள். துப்பாக்கி வெளியே வருகிறது. அதன் முனையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மொத்த அறையும் அவருக்காகப் போட்ட நாடகம். அந்த எதிராளியாக நடித்தவர் ரிக்கி ஜே, நிஜத்திலேயே உலகப் புகழ் பெற்ற சீட்டு வித்தைக்காரர்.

எங்கள் வீட்டில் பார்த்த ஒரு படத்தில் இந்த 'டெல்' எப்படி வந்தது தெரியுமா? "அவனுடைய சொல்லைக் கண்டுபிடி." சொல் என்றால் கடவுச்சொல் என்று நினைத்துக்கொண்டு படம் முடியும்வரை அப்பா அது எப்போது வரும் என்று காத்திருந்தார். "மூஞ்சியில் தெரிந்துவிடும்" என்று எழுதியிருக்கலாம். "எதில் மாட்டுவான் என்று பார்" என்று எழுதியிருக்கலாம்.

தமிழில் சொல் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்று நாலு இனத்துக்கும் பெயர் இருக்கிறது. கிளாவர் என்பது கொச்சை என்று யாராவது நினைத்தால், டச்சு மொழியில் அந்த இனத்துக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனால் மண்வெட்டி என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள். 2019இல் 'இஸ்பேட் ராஜாவும் இதய ராணியும்' என்று ஒரு படத்துக்கே பெயர் வைத்தார்கள், டிக்கெட் வாங்க வந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 2011இல் 'மங்காத்தா' வந்தபோதும் அப்படித்தான். உள்ளே வெளியே தெரியாத தமிழர் உண்டா? ரம்மியில் ஆட்டத்தை விட்டு விலகுவது ஸ்கூட். மூணு சீட்டில் பார்க்காமல் கட்டுவது பிளைண்ட், விலகுவது பேக், விரிப்பது ஷோ. "நான் மடிக்கிறேன்" என்கிற இடத்தில் "நான் ஸ்கூட்" என்று போட்டிருந்தால் அப்பாவுக்கு மட்டுமல்ல, பாதித் தமிழ்நாட்டுக்குப் புரிந்திருக்கும். ஆங்கிலச் சொல்தானே என்றால், ஆமாம், ஆங்கிலச் சொல்தான். நம் வாயில் புரண்டு நம்முடையதாகிவிட்டது.

1967இல் உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து ரம்மி வேறு, மூணு சீட்டு வேறு என்று பிரித்துத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. விழுந்த சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை விடுவது என்று தெரிய வேண்டும், அதனால் ரம்மி பெரும்பாலும் திறமை. மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம். நீதிபதிகளுக்குத் தெரிந்த வித்தியாசம் உங்கள் மேஜைக்கு வந்து சேரவில்லை. (சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தபோது எங்கள் படிப்புரையில் அதை ஆதரித்துப் பேசாதவர் இல்லை.)

2006இல் வந்த 'கேசினோ ராயல்' எடுத்தவர்கள் இதை யோசித்தார்கள். 1953இல் வந்த நாவலில் ஜேம்ஸ் பாண்ட் ஆடுவது பாக்கரா என்கிற சீட்டாட்டம். படத்தில் டெக்ஸஸ் ஹோல்டம் போக்கராக மாற்றினார்கள், அப்போது ஊரெல்லாம் பரவியிருந்த ஆட்டம். கடைசிக் கையில் நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக விரிக்கிறார்கள், ஒவ்வொருவரும் முந்தினவரைவிட ஒரு படி மேல். படிக்கட்டு மாதிரிக் கட்டின காட்சி. முதல் ஆளுக்கு ஐந்தும் ஒரே இனம். இரண்டாமவனுக்கு மூணும் ரெண்டும். வில்லனுக்கு அதைவிடப் பெரிய மூணும் ரெண்டும். பாண்ட் இஸ்பேட் அஞ்சையும் ஏழையும் வைக்கிறார்: நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, எல்லாம் இஸ்பேட், வரிசையாக. நான் இப்போது எழுதியது எத்தனை வரி? இதில் எது புரியவில்லை?

மோசடிக் காட்சிகளில் இன்னொரு அநியாயம். எல்லா மோசடிக்கும் "ஏமாற்றுதல்" என்று ஒரே சொல்லைத் தேய்த்துவிடுகிறீர்கள். நம் ஊரில் காது குத்துவது வேறு, அல்வா கொடுப்பது வேறு. முதலாவது வாய்ப்பொய்யோடு போய்விடும், இரண்டாவதில் ஆளை நம்பவைத்துவிட்டு நழுவ வேண்டும். உள்ளதையெல்லாம் உருவினால் மொட்டை. கடனைத் திருப்பாமல் விட்டால் பட்டை நாமம். ஏமாறுகிறவனுக்கு இளிச்சவாயன் என்று எவ்வளவு அழகான சொல் இருக்கிறது! அவனைக் குறிக்கும் 'மார்க்' என்ற சொல்லை நீங்கள் ஒரு படத்தில் "மதிப்பெண்" என்றும், அதே படத்தில் இன்னொரு இடத்தில் ஒரு ஆளின் பெயராகவும் எழுதியிருந்தீர்கள். 2014இல் வந்த 'சதுரங்க வேட்டை'யில் மண்ணுளிப் பாம்பை விற்கும்போது ஒரு பேச்சு, இரிடியக் கலசம் என்று சொல்லும்போது இன்னொரு பேச்சு. ஏமாற்றுக்காரனுக்கு மூலதனமே பேச்சுதான். அவன் "நீங்க" என்று ஆரம்பித்து எந்த இடத்தில் "அண்ணே" என்று மாறுகிறான் என்பதில் பாதி மோசடி முடிந்திருக்கும். உங்கள் சப்டைட்டிலில் எல்லாரும் எல்லாரையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை "நீங்கள்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று, இதை மன்னிக்கவே முடியாது. காது கேளாதவர்களுக்காக யார் பேசுகிறார் என்று அடைப்புக்குறிக்குள் போடுகிறீர்களே, நல்ல வசதி, அப்பாவுக்கு அது வேண்டும். ஒரு படத்தில் போலீஸ்காரர் ஒருவர் முதன்முதலாக உள்ளே வருகிறார். கீழே எழுத்து: (போலி போலீஸ்காரர்). அவர் போலி என்பது படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் தெரிய வேண்டும். காது கேட்கிற எல்லாரும் ஏமாந்து ரசித்த படத்தில் அப்பாவுக்கு மட்டும் ஏமாறும் உரிமை இல்லாமல் போய்விட்டது.

எழுதுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது, நீங்கள் போடுவதில்லை. மனிதர்தான் எழுதினாரா என்பதே எனக்குச் சந்தேகம். ஆகவே நான் கேட்பது உங்களிடம்தான்.

சீட்டாட்டமோ சூதாட்டமோ வருகிற படங்களின் தமிழ் வரிகளை, வெளியிடும் முன் சீட்டு விளையாடத் தெரிந்த ஒருவருக்குப் படத்தோடு போட்டுக் காட்டுங்கள். ஒரு மத்தியான வேலை. இனங்களின் பெயர், விலகுவது, ஏற்றுவது, விரிப்பது, கைகளின் வரிசை இவற்றுக்கு ஒரு பட்டியல் தயாரித்து எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி வையுங்கள். வேண்டுமானால் அந்தப் பட்டியலை எங்கள் படிப்புரை காசில்லாமல் எழுதித் தரும். பேசுகிறவர் யார் என்று போடும் குறிப்பில், அந்த நிமிஷம் வரை படம் வெளிப்படுத்தியதை மட்டும் போடுங்கள். பாத்திரம் வேண்டுமென்றே தப்பாகப் பேசினால் தமிழிலும் தப்பாகவே விடுங்கள். படத்தின் கடைசியில் தமிழில் எழுதியவரின் பெயரைப் போடுங்கள், பெயர் வந்தால் பொறுப்பும் வரும், கூலி கேட்கத் தைரியமும் வரும். புகாரை வாசிக்க ஒரு தமிழ் தெரிந்த ஆளை வையுங்கள், வரி மாறாமல் "தீர்க்கப்பட்டது" என்று அனுப்புவதை நிறுத்துங்கள்.

நான் புகார் அனுப்பிய படத்தின் பெயர், நிமிஷம், வரி எல்லாம் மூன்று மின்னஞ்சலிலும் இருக்கிறது. மொத்தம் 31 வரிகள். அவற்றைத் திருத்தியதும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அப்பா அந்தப் படத்தை முடிக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
இருபத்தெட்டு ஆடுகிறவரின் மகள்